கவசமும் காட்சியும்

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவள். மாலை வேளைகளில் கணினியின் முன் அமர்ந்து வீடியோ விளையாட்டு ஆடுவது அவள் வழக்கம். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் அருகில் அமர்ந்திருப்பேன். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்க்கவும் ஆவல் இருக்குமன்றோ?

ஒரு நாள் அவள் ஆடிய ஆட்டத்தில் வீரன் ஒருவன் பெட்டி ஒன்றைத் திறந்து இரும்புக் கவசத்தை எடுத்தான், அணிந்தான். கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்பு அவனை மூடிக்கொண்டது. பிறகு என் பேத்தி அந்த வீரனை விட்டு ஒரு வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தாள். அதே கவசத்தை அவளுக்கும் அணிவித்தாள். கவசத்தின் பெயர் மாறவில்லை, விலை மாறவில்லை, அது தரும் பாதுகாப்பு இவ்வளவு என்று காட்டும் எண்ணும் மாறவில்லை. ஆனால் திரையில் தோன்றிய உருவமோ வேறு. மார்பை மறைக்க ஒரு துண்டு இரும்பு; இடையை மறைக்க மற்றொரு துண்டு. வயிறும் தொடையும் வெறுமையாகவே இருந்தன.

"தாத்தா, இவள் வயிற்றில் குத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விதான். நான் அப்போதைக்கு ஏதோ சொல்லி வைத்தேன். ஆனால் வரலாறு கற்பித்துப் பழகியவனாகிய எனக்கு, அந்தக் கேள்வி எளிய கேள்வியாகத் தோன்றவில்லை. அந்த இரண்டு துண்டு இரும்புக்கும் ஒரு வரலாறு உண்டு. மாணவ மாணவியரே, அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், கவசம் என்பது என்ன? ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் போர்வீரர் அணிந்த முழுத் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடை உடையது. கேட்பதற்குப் பெருஞ்சுமையாகத் தோன்றும். ஆயினும் அந்த எடை தோள், இடுப்பு, கை, கால் என்று உடல் முழுவதும் பரவி நின்றமையால், அணிந்தவன் அதனோடு நடக்கலாம்; ஓடலாம்; குதிரைமேல் ஏறலாம். மார்புத் தகட்டை நடுவில் சற்றே மேடாக வளைத்து அடிப்பார்கள். எதிரியின் வேலோ வாளோ அதன்மேல் பட்டால், வழுக்கி ஒரு பக்கமாக விலகிப் போகவேண்டும் என்பதே அதன் நோக்கம். சிறு வளையங்களைக் கோத்துச் செய்த கவசமாயின், அதன் உள்ளே பல மடிப்பாகத் தைத்த தடித்த துணிச்சட்டை ஒன்றை அணிவார்கள். அஃது இல்லாவிடின் இரும்பு தோலை உராயும். அடியின் வேகமும் நேரே உடலைத் தாக்கும்.

இப்போது ஆட்டங்களில் வரும் பெண்ணின் கவசத்தை நோக்குங்கள். பல ஆட்டங்களில் மார்பின் வடிவத்தை இரண்டு கிண்ணங்களைப் போல இரும்பில் வார்த்திருப்பார்கள். இரண்டு மேடுகள், இடையே ஒரு பள்ளம். விலகிப் போகவேண்டிய வாள்முனை அந்தப் பள்ளத்தை நோக்கியே வழுக்கி, நெஞ்செலும்பின் நடுவில் வந்து நிற்கும். காப்பதற்காகச் செய்த பொருளே பகைவனுக்கு வழிகாட்டி நிற்கிறது. எந்தக் கொல்லனும் தன்னிடம் வந்த போர்வீரனுக்கு இப்படி ஒரு கவசம் செய்து கொடுத்திருக்கமாட்டான்.

பெண்கள் உண்மையிலேயே கவசம் அணிந்து போருக்குச் சென்றதுண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. பிரான்சு நாட்டின் ஜோன் ஆஃப் ஆர்க்கை நீங்கள் அறிவீர்கள். 1429-ஆம் ஆண்டில் தூர் என்னும் நகரத்தில் அவளுடைய உடலுக்கென்றே அளவெடுத்து ஒரு கவசம் செய்தார்கள். அதற்கு அந்நாட்டு நாணயத்தில் 100 லிவ்ர் செலவாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் ஆர்லியன்சு நகரத்துப் போரில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு பாய்ந்தது. அவள் அன்றே மீண்டும் களம் புகுந்தாள். பின்னர்ப் பகைவர் கையில் சிக்கி, ரூவான் நகரத்தில் சமய நீதிமன்றத்தின் முன் நின்றபோது, அவள்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் முதன்மையான ஒன்று அவள் ஆணுடை அணிந்தாள் என்பது. ஆண்களிடையே வாழும்போது அந்த உடையே தனக்குத் தக்கது என்பது அவள் விடை. 1431-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் அவளை எரித்துக் கொன்றார்கள். தன் பணிக்கு ஏற்ற உடையைத் தானே தேர்ந்துகொண்ட ஒரு பெண்ணை உலகம் எவ்வாறு நடத்தியது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அப்படியானால் வயிறு தெரியும் கவசம் எங்கிருந்து வந்தது? போர்க்களத்தில் பிறக்காத அது, அச்சகத்தில் பிறந்தது. 1934-ஆம் ஆண்டில் ராபர்ட் ஈ. ஹாவர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு கதை எழுதினார். 1529-இல் துருக்கியப் பேரரசர் சுலைமான் வியன்னா நகரை முற்றுகையிட்ட வரலாற்றை ஒட்டிய கதை அது. அதில் செங்கூந்தலுடைய சோனியா என்றொரு வீரப்பெண் வருகிறாள். தலையில் எஃகுத் தொப்பி, உடலில் வளையக் கவசச் சட்டை, அகன்ற கால்சட்டை, தொடைவரை உயர்ந்த தோற்காலணி. இதுதான் ஹாவர்ட் அவளுக்கு அளித்த உடை. 1973-இல் ஒரு சித்திரக்கதை இதழ் இந்தப் பாத்திரத்தை எடுத்து, பெயரையும் காலத்தையும் சற்றே மாற்றி, ரெட் சோன்ஜா என்று உலவவிட்டது. அப்போதும் அவளுக்கு வளையச் சட்டை இருந்தது. மறு ஆண்டு, 1974-இல், எஸ்தெபான் மரோதோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர் உலோகத் தகடுகளாலான இரண்டு துண்டு நீச்சலுடையை அவளுக்கு வரைந்தார். அதுவே நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் தொப்பி போயிற்று, சட்டை போயிற்று, கால்சட்டையும் போயிற்று. அவள் எதிர்த்துப் போரிட்ட பகைவரின் வாள்கள் மட்டும் கூர் மழுங்கவில்லை.

இத்தகைய சித்திரக்கதைகளும் அவற்றை ஒத்த நூல் அட்டைப் படங்களும் மலிந்திருந்த காலத்தில்தான் வீடியோ விளையாட்டு என்னும் புதிய கலை தோன்றியது. ஆயினும் தொடக்கத்தில் அந்தக் கலைக்கு உடலைக் காட்டும் ஆற்றல் இல்லை. திரையில் சில ஒளிப்புள்ளிகளே கிடைத்தன. அந்த வறுமை ஒரு நல்ல பாடத்தைக் கற்பித்தது.

1981-ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அதன் நாயகனே பின்னாளில் மரியோ என்று உலகப் புகழ் பெற்றவன். அவனுடைய கோலம் எப்படி அமைந்தது தெரியுமா? சில புள்ளிகளைக்கொண்டு வாயைத் தெளிவாக வரைய இயலவில்லை. ஆகவே மீசை வைத்தார். தலைமயிர் அசைவதைக் காட்ட இயலவில்லை. ஆகவே தொப்பி வைத்தார். ஓடும்போது கை வீசுவது தெரியவேண்டும். ஆகவே சட்டைக்கு ஒரு நிறமும், தோள்வார் வைத்த வேலைக்காரக் கால்சட்டைக்கு வேறொரு நிறமும் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்; அந்தக் காரணம் அவன் செய்யவேண்டிய வேலையிலிருந்தே பிறந்தது.

அதே ஆட்டத்தில் ஒரு பெண்ணும் உண்டு. இளஞ்சிவப்புக் கவுன் அணிந்து, குரங்கின் பிடியில் அகப்பட்டு, உச்சியில் நின்று உதவி கேட்டுக் கூவுவது ஒன்றே அவள் வேலை. ஏறவும் குதிக்கவும் வேண்டாதவளுக்கு எந்த உடையாயிருந்தால் என்ன? மறு ஆண்டு, 1982-இல், 'மிஸ் பேக்-மேன்' வந்தாள். 'பேக்-மேன்' என்பது வாய் திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம், அவ்வளவே. பெண்ணாக்குவதற்கு அந்த வட்டத்தின்மேல் ஒரு நாடா முடிச்சு, சிவந்த உதடு, கன்னத்தில் ஒரு மச்சம் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். ஆணுக்கு ஒரு வட்டம் போதும். பெண்ணாயின் வட்டத்துக்கு ஒப்பனையும் வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது.

இவ்வரலாற்றில் 1986-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு நின்டெண்டோ 'மெட்ராய்டு' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வேற்றுக் கிரகத்தின் சுரங்கங்களில் தனியே நுழைந்து போரிடும் சேமஸ் ஆரன் அதன் நாயகன். அப்படித்தான் எல்லோரும் எண்ணினார்கள். தலை முதல் கால் வரை மூடிய கவசம். ஆங்கில விளக்கக் கையேடும் 'அவன்' என்றே குறித்தது. ஆட்டத்தை வென்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. கவசத்துக்குள் இருந்தவள் ஒரு பெண்! ஆடியவர் பலர் திகைத்தனர். இத்தனை நேரம் நாம் ஆணென்று எண்ணி வியந்த வீரம் ஒரு பெண்ணினுடையது என்று அவர்கள் உணர்ந்த கணம், அந்தக் கலை கண்ட சிறந்த கணங்களுள் ஒன்று.

ஆனால் அந்த வெளிப்பாடு எவ்வாறு அமைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஐந்து மணி நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்தால் அவள் தலைக்கவசத்தைக் கழற்றுவாள். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் கவசம் முழுவதையும் களைந்து, நீச்சலுடை போன்ற உடையில் நிற்பாள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் இரண்டு துண்டு உடையோடு நிற்பாள். விரைந்து ஆடியவனுக்கு அளித்த பரிசு அவளுடைய உடல். ஆட்டம் முழுவதும் வீராங்கனையாக இருந்தவள் கடைசி நொடியில் காட்சிப்பொருளாகிவிட்டாள். ஒரே படைப்பில் உயர்ந்த எண்ணமும் பழைய எண்ணமும் அருகருகே நின்றதை இங்கே காண்கிறோம். பிற்கால ஆட்டங்களில் கவசத்துக்குள் அவள் அணியும் இறுக்கமான நீல உடை தனியே புகழ் பெற்றது. 2014-இல் வந்த ஓர் ஆட்டத்தில், அந்த உடைக்குப் பொருத்திய பறக்கும் காலணிகளுக்கும் உயர்ந்த குதிகால் வைத்தார்கள். விண்வெளி வீராங்கனைக்குக் குதிகால் உயர்ந்த காலணி எதற்கு? அவளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

அடுத்து லாரா கிராஃப்ட். வீடியோ விளையாட்டு ஆடாதவரும் அறிந்த பெயர். இங்கிலாந்தில் டெர்பி நகரத்தில் இருந்த கோர் டிசைன் என்னும் சிறு நிறுவனம் 1996-இல் 'டூம் ரெய்டர்' என்ற ஆட்டத்தை உருவாக்கியது. வடிவமைத்தவர் டோபி கார்டு. முதலில் ஆண் வீரனைத்தான் எண்ணினார்கள். அவன் திரைப்பட நாயகன் இந்தியானா ஜோன்சை மிகவும் ஒத்திருந்தமையால் அவனை விடுத்து, ஒரு பெண்ணை அமைத்தார்கள். தொல்பொருள் ஆய்வில் தேர்ந்தவள், செல்வக் குடும்பத்தில் பிறந்தவள், பாறைமேல் தாவுவாள், நீரில் மூழ்குவாள், இரு கைகளாலும் சுடுவாள். யாரோ வந்து தன்னைக் காப்பாற்றட்டும் என்று உச்சியில் நின்று கூவியவள் அல்லள் இவள். பதினைந்து ஆண்டுகளில் அடைந்த பெரிய முன்னேற்றம் இது.

ஆனால் உடை? கையில்லாத இறுக்கமான மேற்சட்டை. தொடையின் மேற்பகுதியோடு நின்றுவிடும் அரைக்கால்சட்டை. அந்த உடையோடு அவள் பெரு நாட்டு மலைக்குகையில் நுழைகிறாள். உள்ளே வௌவால்கள், ஓநாய்கள், கரடி! 1997-இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் அவள் திபெத்தின் பனிமலைக்குப் போனாள். குளிருக்குத் தோல் மேலங்கி ஒன்று கொடுத்தார்கள். கால்களுக்கோ அதே அரைக்கால்சட்டைதான். தோளுக்குத் தெரிந்த குளிர் தொடைக்குத் தெரியவில்லை போலும்! விளம்பரங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஆட்டத்தில் அவள் ஆராய்ச்சியாளர். சுவரொட்டியிலோ அவள் வேறு. அவளைப்போல் உடையணிந்த விளம்பரப் பெண்களை நிறுத்திக் கண்காட்சிகள் நடத்தினார்கள். அவளை உருவாக்கிய டோபி கார்டு முதல் ஆட்டத்தோடு 1997-இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். தாம் படைத்த பாத்திரம் தம் கையை விட்டுப் போய்விட்டதென்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

இவ்வாறு உடையைக் குறைப்பவர்கள் பின்னர் அதற்கு ஒரு காரணமும் கற்பிப்பதுண்டு. 2015-இல் 'மெட்டல் கியர் சாலிட் 5' என்ற புகழ்பெற்ற ஆட்டம் வெளிவந்தது. இயக்கியவர் ஹிதேயோ கொஜிமா. அதில் குவயட் என்று ஒரு பெண். தொலைவிலிருந்து குறி தவறாமல் சுடுபவள். பாலைவனப் போர்க்களத்தில் அவள் அணிந்திருப்பது நீச்சலுடையும் கிழிந்த காலுறையும். மக்கள் குறை கூறியபோது, அவளுடைய கதையை அறிந்தால் குறை கூறியவர்களே வெட்கப்படுவார்கள் என்று கொஜிமா முன்கூட்டியே சொல்லி வைத்தார். கதையும் வந்தது. அவள் தோலின் வழியாகவே மூச்சு விடுகிறாளாம். உடை மூடினால் மூச்சுத் திணறுமாம். நல்லது. ஆனால் இதே வரிசையில் 2004-இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் 'தி எண்டு' என்று ஒரு முதியவர் உண்டு. அவரும் தொலைவிலிருந்து சுடுபவரே. செடிகொடிகளைப் போலக் கதிரவன் ஒளியிலிருந்து ஆற்றல் பெறுபவர். அந்தக் கிழவர் உடல் முழுவதும் மூடிய போர் உடையில்தான் வருகிறார்! காரணம் முன்னே பிறந்து உடை பின்னே வந்ததா, உடை முன்னே பிறந்து காரணம் பின்னே வந்ததா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே சிலர் எழுப்பும் மறுப்புகளையும் நாம் கேட்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பவன் நல்ல ஆசிரியன் ஆகமாட்டான்.

'இது கற்பனை உலகம். பறக்கும் பாம்பையும் மந்திரவாதியையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் சிறு கவசத்தை ஏற்கக்கூடாதா?' என்பர் சிலர். ஏற்கலாம், அந்தக் கற்பனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்குமாயின். அதே உலகத்தில், அதே பாம்பின் முன்னே நிற்கும் ஆணுக்கு முழுக் கவசம் தேவைப்படுகிறதே! கற்பனைக்குக்கூட அவன் உயிர்மேல் அக்கறை உண்டு; அவள் உயிர்மேல் இல்லை.

'ஆண்களும் வெற்றுடம்போடு வருகிறார்களே' என்பர் வேறு சிலர். உண்மையே. 2005-இல் தொடங்கிய 'காட் ஆஃப் வார்' ஆட்டங்களின் நாயகன் கிராட்டோசு, 2018-இல் பனி மூடிய வடநாட்டுக்கு வந்தபோதும் மேலுடம்பை மூடவில்லை. அதுவும் நடைமுறைக்கு ஒவ்வாததே. ஆனால் அந்த உடம்பைப் பார்க்கும் இளைஞன், 'நானும் இவ்வளவு வலியவனாக இருந்தால்!' என்று எண்ணும்படி அதை அமைத்திருக்கிறார்கள். பெண்ணின் உடம்பை அமைத்தவர்கள், அதைப் பார்க்கும் பெண் என்ன எண்ணுவாள் என்று பெரும்பாலும் எண்ணியதில்லை. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு ஆடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் என்பதை நினைத்தால், இந்த மறதி எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

மூன்றாவது மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. 2009-இல் வந்த 'பேயோனெட்டா' என்ற ஆட்டத்தின் நாயகி மிகுந்த கவர்ச்சியோடு அமைக்கப்பட்டவள். அவளை வரைந்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண். அந்த நாயகியின் துணிவையும் தன்னம்பிக்கையையும் விரும்பும் பெண்கள் பலர் இருக்கிறார்கள், வெறுப்பவர்களும் இருக்கிறார்கள். இதிலிருந்து நாம் அறிவது என்ன? அளவுகோலை எடுத்து எத்தனை அங்குலத் துணி என்று அளப்பதனால் மட்டும் இந்த வழக்கு முடிந்துவிடாது.

பல ஆண்டுகள் இந்த உரையாடல் அமைதியாக நடக்கவில்லை என்பதையும் நீங்கள் அறியவேண்டும். வீடியோ விளையாட்டுகளில் பெண்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்பதை ஆராய்ந்து, அனிதா சர்க்கீசியன் என்பவர் 2013 முதல் ஒரு காணொளித் தொடரை வெளியிட்டார். அவர் சொன்னவற்றை ஏற்கலாம், மறுக்கலாம், மறுப்பதற்கு நூல்கள் எழுதலாம். ஆனால் அவருக்கு வந்தவை வசைகளும் கொலை மிரட்டல்களும். 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் பேசவிருந்தார். பேசினால் கூட்டத்தையே சுட்டுக் கொல்வோம் என்று ஒரு கடிதம் வந்தது. உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியோடு அரங்கில் நுழைவதைச் சட்டப்படி தடுக்க இயலாது என்று தெரிந்ததும், அவர் அந்தக் கூட்டத்தைக் கைவிட்டார். ஓர் ஆட்டத்தில் வரும் பொம்மையின் உடையைப் பற்றி ஒரு பெண் கேள்வி கேட்டதற்கு இத்தனை சினம்! ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் ரூவான் நகரத்தில் எரிந்த தீ முற்றிலும் அவிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

ஆயினும் காலம் நின்றுவிடவில்லை. 2004-இல் 'ஹாஃப்-லைஃப் 2' ஆட்டத்தில் வந்த அலிக்ஸ் வான்சு, சாதாரண ஜீன்சும் மேலங்கியும் அணிந்து, பழுது பார்க்கவும் போரிடவும் தெரிந்த பெண்ணாக வந்தாள். 2013-இல் லாராவையே புதிதாக உருவாக்கினார்கள். முதன்மைக் கதையாசிரியர் ரியானா பிராட்செட் என்ற பெண். இந்த லாராவுக்கு நீண்ட கால்சட்டை உண்டு; விழுந்தால் சேறு படிகிறது; அடிபட்டால் கட்டுப் போட்டுக்கொள்கிறாள். 2015-இல் அவளைச் சைபீரியாவுக்கு அனுப்பியபோது, குளிருக்கு ஏற்ற தடித்த மேலங்கியும் முழுக் கால்சட்டையும் கொடுத்தார்கள். திபெத்துக்கும் சைபீரியாவுக்கும் இடையே அந்தப் பெண் நடந்த தொலைவு பதினெட்டு ஆண்டு. 2017-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கலைஞர்கள் படைத்த 'ஹொரைசன் சீரோ டான்' நாயகி ஏலாய், வேட்டைக்காரிக்கு ஏற்ற தோலும் கம்பளியும் அணிந்து வந்தாள். கவர்ச்சி உடைகளுக்குப் பேர்போன 'மார்ட்டல் காம்பாட்' வரிசைகூட, 2019-இல் வந்த பதினோராம் ஆட்டத்தில் தன் பெண்களுக்குப் போருக்கு ஏற்ற உடை கொடுத்தது.

1983 முதல் 2014 வரை வெளிவந்த 571 ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. பெண் பாத்திரங்களைக் காட்சிப்பொருளாக்கும் போக்கு 1990-களில் உயர்ந்து, பின்னர்க் குறைந்துவந்தது என்று அது கண்டது. ஆனால் துணைப் பாத்திரங்களாக வரும் பெண்களின் நிலை அவ்வளவாக மேம்படவில்லை. வழக்கும் முடியவில்லை. 2024-இல் தென்கொரிய நிறுவனம் ஒன்று உருவாக்கி வெளிவந்த 'ஸ்டெல்லர் பிளேடு' ஆட்டத்தின் நாயகியை முன்னிட்டு அதே வாதம் மீண்டும் உலகெங்கும் எழுந்தது.

இதுவரை பிறர் செய்த தவறுகளைச் சொன்னேன். இனி என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மற்றவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை.

1997-ஆம் ஆண்டு. லாரா அரைக்கால்சட்டையோடு திபெத்துக்குப் போன அதே ஆண்டு. அப்போது நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் புதிதாகத் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றிருந்தேன். உயர்வகுப்புப் பெண்களுக்குப் பாவாடையும் தாவணியுமே சீருடை. ஆண்டு விளையாட்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது உடற்கல்வி ஆசிரியை என்னிடம் வந்தார். ஓட்டப் பந்தயத்துக்கு மட்டுமாவது பெண்கள் நீண்ட கால்சட்டையும் சட்டையும் அணிய அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். "பெற்றோர் என்ன சொல்வார்கள்? ஊரார் பார்த்தால் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டு, அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். ஆண் பிள்ளைகள் அரைக்கால்சட்டையோடு ஓடுவதைப் பற்றி ஊரார் என்ன சொல்வார்கள் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

விழா நாளில் பெண்களுக்கான தொடரோட்டம் நடந்தது. தாவணியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாவதாக ஓடிய பெண் பத்தாம் வகுப்பு மாணவி. பள்ளியிலேயே விரைந்து ஓடுபவள். கோலைக் கையில் வாங்கிப் பத்தடி ஓடுவதற்குள் பாவாடையின் கரை காலில் சிக்கிற்று. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் ஓடிச் சென்று தூக்கினேன். அவள் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கோல் எங்கே விழுந்தது, ஐயா?" என்று கேட்டாள்.

மறு ஆண்டு அந்தத் தாளை எடுத்துக் கையொப்பமிட்டேன். பெற்றோர் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் அப்போது பள்ளியில் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள்.

ஏன் இதைச் சொல்கிறேன்? அந்த ஆட்டக்காரர்கள் உடையைக் குறைத்தார்கள். நான் உடையைக் கூட்டினேன். பார்ப்பதற்கு நாங்கள் எதிர் எதிர் துருவங்கள். ஆனால் நாங்கள் செய்த பிழை ஒன்றே. பார்ப்பவர் கண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று அவர்களும் எண்ணினார்கள், நானும் எண்ணினேன். ஓடவேண்டியவளை அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆதலால், மாணவ மாணவியரே, பெண்கள் உடலை மூடவேண்டும் என்றோ மூடவேண்டாம் என்றோ சொல்வதற்கு நான் இங்கே வரவில்லை. நீந்துகிறவளுக்கு நீச்சலுடையே தக்க உடை. பனிமலை ஏறுகிறவளுக்குக் கம்பளியே தக்க உடை. ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போதும், ஒரு திரைப்படத்தைப் பார்க்கும்போதும், ஒரு விளம்பரத்தைப் பார்க்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இந்தப் பெண் செய்யவேண்டிய வேலையை இந்த உடையோடு செய்ய முடியுமா? அதே வேலையை ஓர் ஆண் செய்தால் அவனுக்கும் இந்த உடையைத்தான் கொடுப்பார்களா? இதைத் தேர்ந்தவள் அவளா, அவளைப் பார்ப்பவர்களா? உங்களில் சிலர் நாளை இத்தகைய ஆட்டங்களை வரையும் ஓவியர்களாக வரலாம். சிலர் பள்ளிகளை நடத்தலாம். சிலர் தாயாகவும் தந்தையாகவும் அமர்ந்து ஒரு மகளுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். அந்த வேளையில் இக்கேள்விகள் உங்களுக்குப் பயன்படும்.

என் பேத்தியின் கேள்விக்கு அன்று நான் தக்க விடை சொல்லவில்லை என்றேன். அவள் என் விடைக்காகக் காத்திருக்கவும் இல்லை. சிறிது நேரம் அந்த வீராங்கனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளை விட்டுவிட்டு, மீண்டும் அந்த வீரனையே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். "ஏன் அம்மா, அவள் வேண்டாமா?" என்று கேட்டேன். "இவனுக்குத்தான் கவசம் இருக்கிறது, தாத்தா" என்றாள், ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.